'வாஷ் அவே': சேலம், ஏற்காடு வேலைகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலம் வந்தால் ஏற்காடு இருக்கும் சேவராயன் மலையில் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய வேலையும் கூடவே வந்துவிடும். தோட்டத்துக் கல்கட்டு சரிந்ததை வெளியூர் முதலாளிக்கு மின்னஞ்சலில் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்பு விவரம் கொடுக்க வேண்டும். பாதை அறுந்துவிட்டது, வேறு வழியாக வாருங்கள் என்று விருந்தினருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கீழே சேலத்திலும் இதே தேவைதான். சேகோ (ஜவ்வரிசி) ஆலை, சாயப்பட்டறை, ஏற்றுமதி அலுவலகம் எல்லா இடத்திலும் தண்ணீர் எதையாவது நீக்கிக்கொண்டே இருக்கிறது, அதை யாராவது ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

அங்கே கைகொடுப்பது 'வாஷ்' (கழுவு) என்ற ஆங்கில வினையும் அதன் பின்னால் வரும் 'அவே', 'ஆஃப்', 'அவுட்', 'டவுன்', 'அப்' என்ற சிறு சொற்களும். புதிதாக எழுதுபவர்கள் முதலில் 'வாஷ்' என்று எழுதிவிட்டு, பிறகு எந்தச் சிறுசொல்லை ஒட்டலாம் என்று யோசிக்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் அந்த வரிசையில்தான் பிறக்கின்றன. கீழே உள்ள படிகள் எதிர்த் திசையில் போகும்: முதலில் தண்ணீர் கொண்டுபோன பொருள், பிறகு சிறுசொல், கடைசியில்தான் வாக்கியம்.

எடுத்துக்காட்டுகளை ஒலிப்பாகவே கொடுத்திருக்கிறோம். 'ஆஃப்' என்று வந்தால் விட்டு நீங்குவதைக் காட்டும் சொல். 'ஆவ்' என்று வந்தால் 'உடைய' என்ற பொருளில் வரும் சொல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

1. எழுதும் முன் தாளில் குறித்துக்கொள்ள வேண்டியவை

நான்கு விவரங்களைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தண்ணீர்: மழையா, ஓடை வெள்ளமா, குழாய்த் தண்ணீரா? போன பொருள் எது? அது முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே? எப்போது நடந்தது?

தமிழில் 'மண்ணெல்லாம் போயிடுச்சு' என்றால் நமக்குப் புரிந்துவிடும். எந்த மழை, எங்கிருந்து போனது என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வார். ஆங்கில வாக்கியம் இதில் குறைந்தது இரண்டு விவரத்தையாவது வெளிப்படையாகக் கேட்கும். கையில் இல்லாவிட்டால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

கூடவே மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி ஒன்று வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மன் எதுவானாலும் சரி. 'வாஷ்' என்ற சொல்லுக்குப் போனால் அதன் பதிவின் முடிவில் இந்தச் சிறுசொல் கூட்டுகள் தனியாக வரிசையாக இருக்கும். அங்கே இருபக்க அம்புக்குறி போட்டிருந்தால், செயப்படுபொருளைச் சிறுசொல்லுக்கு முன்பும் வைக்கலாம், பின்பும் வைக்கலாம் என்று அர்த்தம். பலர் இந்தக் குறியைக் கவனிக்காமல் அர்த்தத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான்காம் படிக்கு அதுதான் திறவுகோல்.

2. போன பொருளையும் நின்ற பொருளையும் பிரியுங்கள்

இந்தப் படியை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் கோணலாகிவிடும்.

'வாஷ்' மட்டும் வந்தால், அடுத்து வருவது சுத்தமாகி நிற்கும் பொருள். 'வாஷ் தி ஷர்ட்' என்றால் சட்டை கையில் இருக்கிறது, அழுக்கு போய்விட்டது. 'வாஷ் அவே' வந்தால், அடுத்து வருவது காணாமல் போகும் பொருள். 'வாஷ் அவே தி டர்ட்' என்றால் போனது அழுக்கு.

அதனால்தான் 'ப்ளீஸ் வாஷ் அவே யுவர் ஹேண்ட்ஸ்' என்று உணவுக்கூடத்தில் எழுதி வைப்பது தவறு. தண்ணீர் கையையே கொண்டுபோய்விடும் என்ற பொருள் வருகிறது. 'கழுவி விடுங்க', 'கழுவிட்டு வாங்க' என்று நாம் சொல்லும் 'விடு', 'விட்டு' எல்லாவற்றையும் 'அவே' என்று மாற்றுவதால் வரும் பிழை இது. தமிழில் 'விடு' செயல் முடிந்ததைக் காட்டுகிறது. ஆங்கிலத்தின் 'அவே' பொருள் இடத்தை விட்டுப் போனதைக் காட்டுகிறது. இரண்டுக்கும் வேலை வேறு. கை கழுவச் சொல்ல 'ப்ளீஸ் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' போதும்.

சரிபார்க்க ஒரே கேள்வி: தண்ணீர் ஓடி முடிந்த பிறகு இந்தப் பொருள் அங்கே இருக்கிறதா? இருந்தால் வெறும் 'வாஷ்'. இல்லாவிட்டால் சிறுசொல் சேர்க்க வேண்டும்.

தட்டு, துணி, கார், கை, தரை, கிழங்கு ஆகியவை நிற்கும் பொருள்கள். சேறு, மண், கறை, சோப்பு, மருந்து, தடம், பாலம் ஆகியவை போகக்கூடியவை. 'சாலை' கொஞ்சம் ஏமாற்றும். நகராட்சி லாரி வந்து சாலையைக் கழுவினால் அது நிற்கும் பொருள். வெள்ளம் வந்து சாலையையே கொண்டுபோனால் அது போன பொருள். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அந்தக் கேள்வியைக் கேட்பதே பலன் தரும்.

3. எங்கிருந்து எங்கே போனது: சிறுசொல்லைத் தேர்வது

சேலம் வட்டாரத் தொழில்களையே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு சிறுசொல்லுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இருக்கிறது.

மேற்பரப்பில் ஒட்டியிருந்தது கழன்றால் 'ஆஃப்'. காபிப் பழத்தைப் பல்பரில் போட்டுத் தோலை நீக்கியதும் கொட்டையின் மேல் வழவழப்பான ஒரு பூச்சு இருக்கும். தொட்டியில் நொதிக்க விடுவார்கள். அரபிகா வகைக் காபிக்கு மலைக் குளிரில் 24 முதல் 36 மணி நேரம் ஆகலாம், குளிர் கூடினால் இன்னும் நீளும். ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவித் தேய்த்துப் பார்த்தால், வழுக்காமல் கொட்டைகள் ஒன்றோடொன்று நறநறவென்று உரச வேண்டும். அப்போதுதான் கழுவும் பதம். அந்தப் பூச்சு கொட்டையின் மேலே ஒட்டியிருந்தது, தண்ணீரில் கழன்றது. எனவே 'வாஷ் ஆஃப் தி மியூசிலேஜ்'. இங்கே 'வாஷ் அவே' போட்டாலும் பெரிய பிழையில்லை. ஆனால் 'ஆஃப்' என்றால் எங்கே ஒட்டியிருந்தது என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

காபியின் இலைத்துரு நோய்க்கு 0.5 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தெளித்த கையோடு மழை வந்தால், மருந்து இலைமேல் இருந்து போகிறது. 'தி ரெயின் வாஷ்ட் ஆஃப் தி ஸ்ப்ரே.' வண்டிச் சக்கரத்துச் சேறு, கையில் பட்ட சாயம், கொலுசுப் பட்டறையில் மெருகு போட்டபின் ஒட்டியிருக்கும் பொடி எல்லாம் 'ஆஃப்'.

உள்ளே ஊறியிருந்தது வெளியே வந்தால் 'அவுட்'. சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்த விழுதைச் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். மாவுப்பால் கீழே இறங்குகிறது, திப்பி மேலே நிற்கிறது. மாவு விழுதுக்குள் இருந்தது, தண்ணீர் அதை வெளியே எடுத்தது: 'வாட்டர் வாஷஸ் தி ஸ்டார்ச் அவுட் ஆவ் தி பல்ப்.' இங்கே 'அவே' போட்டால் மாவு வீணாகச் சாக்கடைக்குப் போனதாக வாங்குபவர் நினைத்துக்கொள்வார். ஆலைக்கு இது பெரிய பொருள் மாற்றம்.

துணியில் ஊறிய சாயமும் கறையும் 'அவுட்' தான். வாங்குபவர் 'வில் தி கலர் வாஷ் அவுட்?' என்று கேட்டால், துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்கிறார். ஒரு துணியின் சாயம் இன்னொரு துணியில் ஏறினால் அதற்கு 'ரன்' அல்லது 'பிளீட்' என்ற வேறு வினை. இரண்டும் வேறு குறை, பதிலும் வேறாக இருக்க வேண்டும்.

இருந்த இடத்தை விட்டே தொலைவுக்குப் போய்விட்டால் 'அவே'. சரிவில் இருந்த மேல்மண், ஓடைமேல் போட்ட சிறுபாலம், மணலில் பதிந்த கால்தடம், வரப்பு, தூவிய உரம். இருந்த இடத்தில் இப்போது இல்லை என்றால் 'அவே' பொருந்தும்.

உரத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. சரிவில் தூவிய யூரியாவை ஓடும் மழைநீர் மேலாகவே அடித்துச் சென்றால் 'வாஷ்ட் அவே'. மண்ணுக்குள் கரைந்து வேருக்கும் கீழே இறங்கிவிட்டால் 'லீச்ட்'. வேளாண் அலுவலருக்கோ ஆலோசகருக்கோ எழுதும்போது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அவர் தீர்வு சொல்வார். முதலாவதற்குத் தடுப்பு வரப்பு வேண்டும், இரண்டாவதற்கு உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகப் பார்த்தால் போதும். மேலிருந்து கீழாகத் தண்ணீர் அடித்துத் தரையையோ வண்டியையோ கழுவினால் 'வாஷ் டவுன்'. இங்கே நிற்கும் பொருளே பின்னால் வரும்: 'வாஷ் டவுன் தி டிரையிங் யார்ட்.' உணவோடு எதையாவது குடிப்பதற்கும் இதே கூட்டு. தண்ணீர் எதையாவது கொண்டுவந்து கரையில் ஒதுக்கினால் 'வாஷ் அப்': மேட்டூர் அணைக் கரையில் செத்த மீன்கள் ஒதுங்கினால் 'டெட் ஃபிஷ் வாஷ்ட் அப் ஆன் தி ஷோர்'. இதே 'வாஷ் அப்' பிரிட்டன்காரருக்குப் பாத்திரம் கழுவுவது, அமெரிக்கருக்கு முகம், கை கழுவுவது. விருந்தினர் எந்த நாட்டவர் என்று பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

4. செயப்படுபொருளை எங்கே வைப்பது

பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி. 'தி ரெயின் வாஷ்ட் அவே தி சாயில்.' 'தி ரெயின் வாஷ்ட் தி சாயில் அவே.'

'இட்', 'தெம்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே. 'தி ரெயின் வாஷ்ட் இட் அவே' சரி. 'வாஷ்ட் அவே இட்' தவறு. ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் புதிய செய்தி வந்து அழுத்தம் பெறும். 'இட்' ஏற்கெனவே தெரிந்த பொருள், அதற்கு அழுத்தம் கிடையாது. அதனால் அது உள்ளே ஒதுங்கி, 'அவே' கடைசியில் நின்று அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது.

பொருள் நீளமான தொடராக இருந்தால் 'அவே'யை வினைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 'வாஷ்ட் அவே தி ஸ்டோன் பண்ட் பிலோ தி சில்வர் ஓக் ட்ரீஸ்' என்பது தெளிவு. 'அவே'யைக் கடைசிக்குத் தள்ளினால் படிப்பவர் அது வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

'ஆஃப்' வந்து, எதிலிருந்து என்பதையும் சொல்ல வேண்டுமானால் வரிசை இதுதான்: போன பொருள், 'ஆஃப்', நின்ற பொருள். 'வாஷ் தி மட் ஆஃப் தி டயர்ஸ்.' 'அவுட்' என்றால் 'அவுட் ஆவ்'. 'அவே' என்றால் 'அவே ஃப்ரம்': 'தி ரெயின் வாஷ்ட் தி சாயில் அவே ஃப்ரம் தி ரூட்ஸ்.'

5. யார் செய்தது: 'பை', 'இன்', 'வித்'

தமிழில் 'பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது' என்று எழுதுவது செய்தித்தாள் பழக்கம். ஆங்கிலத்திலும் இந்த வினை செயப்பாட்டில்தான் அதிகம் கண்ணில் படும். 'தி பிரிட்ஜ் வாஸ் வாஷ்ட் அவே.' இதில் 'வாஸ்' விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது. 'தி பிரிட்ஜ் வாஷ்ட் அவே' என்று எழுதுவதும் ஆங்கிலத்தில் உண்டு. மண், மணல், சேறு போன்றவற்றுக்கு அது இயல்பு. ஆனால் பாலம், சுவர், கொட்டகை போன்ற கட்டுமானங்களுக்கு அலுவல் கடிதத்தில் 'வாஸ்' சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு.

கொண்டுபோன தண்ணீரைச் சொல்ல 'பை': 'வாஷ்ட் அவே பை தி ஃப்ளட்'. நடந்த சந்தர்ப்பத்தைச் சொல்ல 'இன்': 'வாஷ்ட் அவே இன் லாஸ்ட் வீக்ஸ் ரெயின்'. நாம் கையால் பயன்படுத்தும் பொருளுக்கு மட்டும் 'வித்': 'வாஷ் இட் ஆஃப் வித் சோப் அண்ட் வாட்டர்'. 'வாஷ்ட் அவே வித் தி ஃப்ளட்' என்று எழுதினால், பாலமும் வெள்ளமும் சேர்ந்தே எங்கோ போனதுபோல் இருக்கும். தமிழில் 'வெள்ளத்தோடு போயிடுச்சு' என்ற பேச்சு இங்கே உள்ளே நுழைந்துவிடுகிறது.

எண்ணிக்கையையும் பாருங்கள். 'சாயில்' எண்ண முடியாத பொருள், அதற்கு 'வாஸ்'. 'கிராப்ஸ்', 'பிளான்ட்ஸ்' என்றால் 'வேர்'.

6. காலம்

தேதி சொன்னால் 'வாஸ் வாஷ்ட் அவே'. நடந்துவிட்டது, அதன் விளைவு இன்னும் நீடிக்கிறது, தேதி சொல்லவில்லை என்றால் 'ஹாஸ் பீன் வாஷ்ட் அவே'. விருந்தினருக்கு அனுப்பும் செய்தியில் இரண்டாவதுதான் வேண்டும்:

'தி ரோட் டு அவர் பிளேஸ் ஹாஸ் பீன் வாஷ்ட் அவே நியர் தி கல்வர்ட். ப்ளீஸ் கம் பை தி குப்பனூர் ரோட்.'

இதைப் படிப்பவர் பாதை இப்போதும் இல்லை என்று புரிந்துகொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுள்ள வழக்கமான மலைப்பாதையை விட்டுவிட்டுக் குப்பனூர் வழியைப் பிடிப்பார். 'வாஸ்' என்று மட்டும் எழுதினால், சரிசெய்துவிட்டார்களா என்று திருப்பிக் கேட்பார். சிக்னல் இல்லாத வளைவில் அவர் நின்றிருந்தால் உங்கள் பதில் போய்ச் சேராது.

'போயிருக்கு' என்பதை அப்படியே 'இஸ் வாஷ்ட் அவே' என்று மாற்றுவது தவிர்க்க வேண்டிய பழக்கம். பேச்சில் 'காட் வாஷ்ட் அவே' சொல்லலாம், கடிதத்தில் வேண்டாம். இனி நடக்கலாம் என்று எச்சரிக்க 'மே பி வாஷ்ட் அவே' அல்லது 'குட் பி வாஷ்ட் அவே'.

7. உண்மையில் என்ன நடந்தது: இழப்பு விவரம் எழுதுவோர் இதில் நிதானிக்க வேண்டும்

'வாஷ்ட் அவே' என்றால் பொருள் இப்போது அந்த இடத்தில் இல்லை. காப்பீட்டுக்காரரோ வங்கி அதிகாரியோ நேரில் வந்து பார்க்கும்போது அது அங்கேயே நின்றால், நீங்கள் எழுதிய மற்ற வரிகளின் மேலும் அவருக்கு ஐயம் விழும். ஆகவே ஒவ்வொரு இழப்பையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பயிர் உள்ளே இருக்கிறது என்றால் 'சப்மர்ஜ்ட்'. அறைக்குள் தண்ணீர் வந்தது என்றால் 'ஃப்ளடட்'. சுவர் அங்கேயே விழுந்து கிடந்தால் 'கொலாப்ஸ்ட்'. அடிமண் மட்டும் அரித்துப்போய் மேலே சாலை அந்தரத்தில் நின்றால் 'அண்டர்மைன்ட்'. மழையால் மேட்டிலிருந்து மண் சரிந்து பாதையை மூடினால் 'பிளாக்ட் பை எ லேண்ட்ஸ்லைட்'. அங்கே பாதை போகவில்லை, மண்தான் வந்திருக்கிறது. பல ஆண்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தால் 'இரோடட்'. ஒரே மழையில் போனதற்கும் இதற்கும் காப்பீட்டில் கணக்கு வேறுபடலாம், அதனால் சொல்லை மாற்றிப் போடாதீர்கள்.

மலையில் பெரும்பாலும் முழுச் சாலையும் போவதில்லை. ஓரம் போகும், ஒரு துண்டு போகும். அப்போது 'தி ரோட் வாஸ் வாஷ்ட் அவே' மிகைப்படுத்தல். 'எ டென்-ஃபுட் ஸ்ட்ரெட்ச் ஆவ் தி ரோட்', 'தி அவுட்டர் எட்ஜ் ஆவ் தி ரோட்', 'பார்ட் ஆவ் தி பண்ட்' என்று அளவோடு எழுதுங்கள். நாடா வைத்து அளந்த அடிக்கணக்கு இருந்தால் அதையே போடுங்கள். கண்மதிப்பு என்றால் 'அபௌட்' சேருங்கள்.

ஒரு மாதிரிப் பத்தி:

'ஹெவி ரெயின் ஆன் தி நைட் ஆவ் 12 நவம்பர் வாஷ்ட் அவே அபௌட் தர்ட்டி ஃபீட் ஆவ் தி ஸ்டோன் பண்ட் அண்ட் தி டாப்சாயில் பிஹைண்ட் இட். ட்வெல்வ் பெப்பர் வைன்ஸ் வேர் அப்ரூட்டட். தி ஸ்டோர் ரூம் வாஸ் ஃப்ளடட், பட் தி வால்ஸ் ஆர் ஸ்டாண்டிங்.'

வரிசையைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்தில் காரணமும் போன பொருளும் அளவும். இரண்டாவதில் வேரோடு சாய்ந்த மிளகுக் கொடிகள், அவை அங்கேயே கிடப்பதால் 'அப்ரூட்டட்'. மூன்றாவதில் போகாமல் தப்பியதையும் சொல்லிவிடுகிறோம். தப்பியதைச் சொல்லும் கடிதத்தை நேரில் பார்க்க வருபவர் நம்புவார்.

8. மனிதரும் வண்டியும்

ஆளையோ மாட்டையோ வண்டியையோ வெள்ளம் இழுத்துச் சென்றால் 'ஸ்வெப்ட் அவே' என்பதே பொருத்தம். நம் நாட்டு ஆங்கில நாளிதழ்களில் 'வாஷ்ட் அவே' என்றும் வருகிறது, அதைத் தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் 'ஸ்வெப்ட்' என்பதில் நீரோட்டத்தின் விசை தெரிகிறது. ஏற்காட்டுக் கிளியூர் அருவிப் பக்கம் எச்சரிக்கைப் பலகை எழுதுவதானால் 'யூ மே பி ஸ்வெப்ட் அவே பை தி கரண்ட்' என்று எழுதுங்கள். ஒருவர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் கழுவுவதை நினைவூட்டும் சொல்லைத் தவிர்ப்பது மரியாதையும்கூட.

9. வாயில் வருவது

'வாஷ்ட்' என்பதில் கடைசி 'ட்' ஒற்றெழுத்துதான். 'வாஷெட்' என்று இரண்டு அசையாக இழுக்கக் கூடாது. 'ஷ்' குரல் எழாத ஒலி என்பதால் அதன்பின் வரும் இறந்தகால ஒட்டும் 'ட்' என்றே முடியும். அடுத்து உயிரொலி வருவதால் சேர்ந்து 'வாஷ்டவே' என்று ஒரே மூச்சில் வரும். அழுத்தம் 'வே' மேல்.

தொடக்க ஒலிக்குப் பல்லைக் கீழுதட்டில் வைக்காமல், இரண்டு உதட்டையும் குவித்து விடுங்கள். நம் 'வ' ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' ஒலிகள் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் தொலைபேசியில் வெளிநாட்டவருக்குக் குழம்பும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'வொஷ்' பக்கம் போகும், அமெரிக்கருக்கு 'வாஷ்' பக்கம். இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

10. தண்ணீர் இல்லாத இடங்களில்

பாவம், துயரம், களைப்பு, பழைய கசப்பு ஆகியவற்றுக்கு 'வாஷ் அவே' வழக்கில் உண்டு. 'எ பாத் வாஷ்ட் அவே தி டயர்ட்னஸ்' என்று ஹோம்ஸ்டே விளம்பரத்தில் எழுதலாம்.

கடனுக்கு வராது. தள்ளுபடிக்கு 'வெய்வ்' அல்லது 'ரைட் ஆஃப்'. பொறுப்பைக் கைகழுவுவதற்கு 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ் ஆவ்' என்ற மரபுத்தொடர் இருக்கிறது, அதில் வருவது 'ஆவ்', 'ஆஃப்' கிடையாது. வாழப்பாடி மைதானத்தில் மழையால் ஆட்டம் நின்றால் 'தி மேட்ச் வாஸ் வாஷ்ட் அவுட்'. அங்கே 'அவே' போட்டால் ஆட்டமே ஆற்றோடு போனதாகிவிடும். அதன் பெயர்ச்சொல் 'வாஷவுட்' ஒரே சொல். வினையாக வரும்போது எப்போதும் இரண்டு சொல், நடுவில் கோடு கிடையாது.

11. எழுதிப் பார்க்க

விடையை மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் போன பொருள் எது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

'நேற்று பெய்த மழையில் நாற்றுமேட்டு மண் போய்விட்டது.' விடை: 'யெஸ்டர்டேஸ் ரெயின் வாஷ்ட் அவே தி சாயில் ஃப்ரம் தி நர்சரி பெட்ஸ்.' மேடு நிற்கிறது, மண் போனது, ஆகவே 'ஃப்ரம்' வேண்டும்.

'சட்டையில் பட்ட மாம்பழக் கறை போகவே இல்லை.' விடை: 'தி மேங்கோ ஸ்டெயின் வுட் நாட் வாஷ் அவுட்.' கறை நூலுக்குள் ஊறியது. இங்கே கறையே எழுவாயாக வருவதால் 'பை' எதுவும் தேவையில்லை.

'பூட்ஸைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.' விடை: 'ப்ளீஸ் வாஷ் தி மட் ஆஃப் யுவர் பூட்ஸ் பிஃபோர் யூ கம் இன்.' 'வாஷ் யுவர் பூட்ஸ்' என்றாலும் சரி. 'வாஷ் அவே யுவர் பூட்ஸ்' என்று எழுதியிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

'மருந்து அடித்ததை மழை கழுவிட்டது, மறுபடி அடிக்கணும்.' விடை: 'தி ரெயின் ஹாஸ் வாஷ்ட் ஆஃப் தி ஸ்ப்ரே. வீ நீட் டு ஸ்ப்ரே அகெய்ன்.' மறுபடி அடிக்க வேண்டிய தேவை இப்போது இருப்பதால் 'ஹாஸ்'.

'ஓடைமேல் போட்டிருந்த மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதைக் கீழே எஸ்டேட் எல்லையில் கண்டெடுத்தோம்.' விடை: 'தி ஃப்ளட் வாஷ்ட் அவே தி வுடன் பிரிட்ஜ். வீ ஃபவுண்ட் இட் அட் தி லோயர் பவுண்டரி ஆவ் தி எஸ்டேட்.' பாலம் கிடைத்துவிட்டாலும் 'வாஷ்ட் அவே' சரிதான். இருந்த இடத்தை விட்டு அதைத் தண்ணீர்தான் கொண்டுபோனது.